முதல் பதிவுக்கு முன்: திருகோணமலையில் வலைப்பூ தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

வலைப்பூ தொடங்கப் பத்து நிமிடம் போதும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் எந்தப் போன் இலக்கத்தைக் கொடுத்தீர்கள், எந்த மின்னஞ்சலைக் கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் நாலைந்து வருடம் கழித்தும் அந்த வலைப்பூ உங்கள் கையில் இருக்கும்.

என் அக்கா சமையல் பற்றி எழுதி வந்தார். கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் அவருடைய போன் தொலைந்தது. சிம், கனடாவில் இருக்கும் அண்ணாவின் பெயரில். மின்னஞ்சல், ஒரு கடையில் திறந்து கொடுத்தது. டொமைன், அதாவது வலைப்பூவின் சொந்த இணைய முகவரி, வலைப்பூவை வடிவமைத்துக் கொடுத்தவரின் பெயரில். மூன்றையும் மீட்க நான்தான் அலைந்தேன். மின்னஞ்சல் கிடைத்தது, சிம் பல கிழமைக்குப் பிறகு கிடைத்தது, டொமைன் கிடைக்கவேயில்லை. இந்த அலைச்சல் இன்னொருவருக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். ஒன்றின் மேல் ஒன்று நிற்கும் வேலைகள் இவை, அதனால் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

தொடங்குவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை: அடையாள அட்டையின் அசல், அதன் போட்டோகொப்பி இரண்டு, உங்கள் பெயரில் உள்ள வங்கி டெபிட் கார்ட், போன் வந்த பெட்டி, ஒரு கொப்பி, பேனை. நேரம் என்று பார்த்தால் டவுனில் ஒரு காலைப்பொழுதும் வீட்டில் இரண்டு மூன்று மாலைகளும் போதும். டொமைன் வாங்காவிட்டால் செலவு சில நூறு ரூபாவைத் தாண்டாது.

1. சிம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்

எல்லாரும் தாண்டிப் போகும் படி இது. நான் அதிகம் சொல்லப்போவதும் இதைப் பற்றித்தான்.

நம்மூரில் ஒரு வீட்டில் நாலு சிம் இருந்தால் குறைந்தது இரண்டு வேறு யாருடைய பெயரிலாவது இருக்கும். வெளிநாடு போன தம்பி விட்டுப்போனது, காலமான அப்பாவுடையது, அடையாள அட்டை எடுக்கும் வயது வரும் முன் மாமா எடுத்துக் கொடுத்தது. பேசுவதற்கு அதில் ஒரு தொந்தரவும் இல்லை. போன் தொலைந்து, அதே இலக்கத்துக்குப் புது சிம் கேட்டுப் போய் நிற்கும் அன்றைக்குத்தான் தெரியும். கவுண்டரில் இருப்பவர் பதிவில் உள்ள அடையாள அட்டை இலக்கத்தைப் பார்ப்பார், உங்கள் அட்டையைப் பார்ப்பார், முடியாது என்பார். அவர் மீது குற்றமில்லை. யார் கேட்டாலும் கொடுத்துவிட்டால் உங்கள் இலக்கத்தையும் நாளைக்கு யாரோ ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

ஆகவே இன்றைக்கே, போன் கையில் இருக்கும்போதே, நிறுவனத்தின் சொந்தக் கிளைக்குப் போய் இந்த இலக்கம் என் பெயரில்தானா என்று கேளுங்கள். ரீலோட் போடும் கடையில் கேட்டுப் பயனில்லை. மூதூர், வெருகல், புல்மோட்டைப் பக்கம் இருந்து வருபவர்கள் முதலில் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் பண்ணி, என்ன ஆவணம் வேண்டும், இந்த வேலையை டவுன் கிளையில் செய்வார்களா என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள். பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் போகாதீர்கள்.

உங்கள் பெயரில் இல்லை என்றால் உங்களுக்கு இரண்டு வழிகள்.

பெயர் மாற்றலாம். இதற்குப் பெரும்பாலும் பழைய உரிமையாளரும் நீங்களும் அடையாள அட்டையோடு சேர்ந்தே போக வேண்டியிருக்கும். அண்ணா வெளிநாட்டில் என்றால் அவர் லீவுக்கு வரும் நாட்களில் முதல் வேலையாக இதை முடித்துவிடுங்கள். கோயில், கலியாணம், சொந்தக்காரர் வீடு என்று அந்த மூன்று கிழமையும் ஓடிவிடும், பிறகு அடுத்த வருடம்தான். உரிமையாளர் காலமாகியிருந்தால் மரணச் சான்றிதழோடு, உறவைக் காட்டப் பிறப்புச் சான்றிதழோ விவாகச் சான்றிதழோ கேட்பார்கள். எது வேண்டும் என்று முன்னரே விசாரித்து, அசலையும் கொப்பியையும் கொண்டுபோங்கள்.

காத்திருக்க முடியாது என்றால் உங்கள் பெயரிலேயே புது சிம் எடுத்து, பழைய இலக்கம் வேலை செய்யும்போதே கணக்குகளை ஒவ்வொன்றாகப் புதியதற்கு மாற்றுங்கள். முதலில் வங்கி, அடுத்தது மின்னஞ்சல், பிறகு வட்ஸ்அப், கடைசியில் பேஸ்புக். வட்ஸ்அப்பில் இலக்கத்தை மாற்றுவதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. அதன் வழியாக மாற்றினால் குழுக்கள் கலையாது. கூகுளில் மீட்பு இலக்கத்தை (கணக்கு பூட்டிக்கொண்டால் மீட்பதற்கெனக் கொடுக்கும் போன் இலக்கம்) மாற்றிய பிறகும் ஏழு நாள் வரைக்கும் பழைய இலக்கத்துக்கு உறுதிப்படுத்தும் குறியீடு அனுப்பும் வாய்ப்பு உண்டு. ஆகவே பழைய சிம்மை உடனே எறியாமல் ஒரு மாதமாவது வைத்திருங்கள்.

இன்னொன்று: நீண்ட நாள் ரீலோட் போடாத சிம் செயலிழக்கும். அந்த இலக்கம் பிறகு வேறொருவருக்கு விற்கப்படும். உங்கள் கணக்குகள் எல்லாம் இன்னமும் அந்த இலக்கத்தில் கட்டப்பட்டிருந்தால் குறியீடுகள் முன்பின் தெரியாத ஒருவரின் போனுக்குப் போகும். வெளிநாடு போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

2. மின்னஞ்சலை நீங்களே திறவுங்கள்

கொமினிகேஷன் கடையில் போட்டோகொப்பி எடுக்கப் போகும்போது அப்படியே ஒரு ஜிமெயிலும் திறந்து தரச் சொல்வது இங்கே வழக்கம். கடைத் தம்பி நல்லெண்ணத்தோடுதான் செய்து தருவார். ஆனால் அவசரத்தில் மீட்பு இலக்கமாகத் தன் கடை இலக்கத்தைப் போடுவார், பிறந்த திகதியை ஏதோ ஒன்றாகப் போடுவார், கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதித் தருவார். அந்தத் துண்டு தொலைந்தால் கணக்கும் போனது.

ஏற்கெனவே அப்படித் திறந்த கணக்கு இருந்தால் தூக்கி எறிய வேண்டாம், சரிசெய்யலாம். கூகுள் கணக்கில் பாதுகாப்புப் பகுதிக்குப் போங்கள். முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அடுத்தது மீட்பு இலக்கம், மீட்பு மின்னஞ்சல் இரண்டையும் உங்களுடையதாக்குங்கள். பிறகு உங்கள் சாதனங்கள் என்ற பட்டியலைத் திறந்து, தெரியாத கணனியோ போனோ இருந்தால் வெளியேற்றுங்கள். பிறந்த திகதியையும் பாருங்கள். வயது 13க்குக் குறைவு என்று வரும்படி இருந்தால் கணக்கைக் கூகுள் முடக்கக்கூடும்.

அப்புறம் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள், கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு குறியீடும் கேட்கும் பாதுகாப்பு அது. போட்டதும், போன் கையில் இல்லாதபோது உதவும் மாற்றுக் குறியீடுகளையும் எடுங்கள். எட்டு இலக்கங்கள் கொண்ட பத்துக் குறியீடுகள் வரும். ஒவ்வொன்றும் ஒரு தடவை மட்டுமே வேலை செய்யும். இவற்றைப் போனில் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்தால் போனோடு சேர்ந்து அவையும் தொலையும். கொப்பியில் கையால் எழுதி, பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் வைக்கும் பைலில் வையுங்கள். பிறகு எப்போதாவது புதுப் பட்டியல் எடுத்தால் பழையது செல்லாது, அப்போது பைலில் இருப்பதையும் மாற்றி எழுத வேண்டும்.

கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்துகொண்டு எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீட்டை மட்டும் நம்ப வேண்டாம், ரோமிங்கில் அது பல நேரம் வந்து சேராது. ஊரை விட்டுப் புறப்படும் முன் ஒதென்டிகேட்டர் செயலியைப் போட்டு இணைத்துக்கொள்ளுங்கள். 30 செக்கனுக்கு ஒரு தடவை புதுக் குறியீட்டைப் போனே உருவாக்கும். அதற்கு சிக்னலும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம்.

கணக்கு ஏற்கெனவே பூட்டிக்கொண்டது என்றால், வழக்கமாகப் பயன்படுத்திய போனிலோ கணனியிலோ, வழக்கமான வீட்டு வைபையில் இருந்து மீட்க முயலுங்கள். கூகுள் பார்ப்பது அதைத்தான். கொழும்பில் மச்சானின் போனில் இருந்து திரும்பத் திரும்ப முயன்றால் சந்தேகம்தான் கூடும். கேட்கும் கேள்விகளுக்கு உறுதியாகத் தெரியாவிட்டாலும் மிக நெருங்கிய விடையைக் கொடுங்கள், வெறுமையாக விடாதீர்கள்.

இரண்டு வருடம் எந்தப் பயன்பாடும் இல்லாத தனிநபர் கணக்கைக் கூகுள் நீக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. வலைப்பூவுக்கென்று தனி மின்னஞ்சல் வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு தடவையாவது அதற்குள் போய் வாருங்கள்.

3. வட்ஸ்அப்பைப் பூட்டுங்கள்

“அக்கா, என்ட கோட் ஒண்டு பிழையா உங்கட நம்பருக்கு வந்திட்டுது, கொஞ்சம் அனுப்பி விடுங்கோ” என்று தெரிந்தவரின் கணக்கில் இருந்தே செய்தி வரும். அந்த ஆறு இலக்கத்தை அனுப்பினால் உங்கள் வட்ஸ்அப் அவர்களிடம் போய்விடும். பிறகு உங்கள் பெயரில் எல்லாரிடமும் காசு கேட்பார்கள். தெரிந்தவரின் கணக்கும் அப்படித்தான் பறிபோயிருக்கும்.

அமைப்புகளில் கணக்கு என்ற இடத்தில் இரண்டு படிச் சரிபார்ப்பு இருக்கும். ஆறு இலக்க இரகசிய எண் (பின்) ஒன்றைப் போட்டு, மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள். வேலை இவ்வளவுதான். ஏற்கெனவே பறிபோயிருந்தால் செயலியில் உங்கள் இலக்கத்தை மறுபடி பதிவுசெய்யுங்கள். குறியீடு உங்கள் சிம்முக்குத்தான் வரும், போட்டதும் மற்றவர் வெளியே தள்ளப்படுவார். அவர் தனக்கென்று பின் எண் போட்டிருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் போன் எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

4. வலைப்பூவைத் திறவுங்கள்

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது கூகுளின் வலைப்பூச் சேவையான ப்ளொகர். இலவசம், சொந்த டொமைன் வாங்கி இணைத்தாலும் கூகுளுக்கு எதுவும் கட்ட வேண்டியதில்லை. வேர்ட்பிரஸ் டொட் கொம்மில் தொடங்குவது இலவசம்தான், ஆனால் சொந்த டொமைனை இணைக்கக் கட்டணத் திட்டத்துக்கு மாற வேண்டும். தனியாக ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைக்க வாடகை இடம், வாங்கி வேர்ட்பிரஸ் நிறுவுவது மூன்றாவது வழி. தோற்றத்தை விரும்பியபடி மாற்றலாம், ஆனால் வருடா வருடம் டொலரில் கட்ட வேண்டும், பாதுகாப்புப் புதுப்பித்தல்களையும் நீங்களே பார்க்க வேண்டும். ஒரு வருடம் எழுதிப் பார்த்த பிறகு அந்தப் பக்கம் போகலாம்.

திறந்தவுடன் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. அமைப்புகளில் அனுமதிகள் என்ற பகுதிக்குப் போய், உங்கள் இன்னொரு மின்னஞ்சலுக்கோ வீட்டில் நம்பிக்கையான ஒருவரின் மின்னஞ்சலுக்கோ அழைப்பு அனுப்புங்கள். அவர் ஏற்றுக்கொண்ட பிறகு அவரை நிர்வாகியாக மாற்றுங்கள். எழுத்தாளர் என்ற நிலையில் விட்டால் உதவாது. முதல் மின்னஞ்சல் பறிபோனாலும் இரண்டாவதில் இருந்து வலைப்பூவுக்குள் போக இது ஒன்றுதான் வழி.

5. டொமைன் உங்கள் பெயரில் இருக்கட்டும்

டொமைன் கட்டாயமில்லை. முதல் ஆறு மாதம் இலவச முகவரியிலேயே எழுதலாம். வாங்குவது என்று முடிவெடுத்தால் மட்டும் மேலே படியுங்கள்.

டொமைன் காணி உறுதி மாதிரி. யார் பெயரில் எழுதப்பட்டதோ அவருக்கே சொந்தம், வீட்டைக் கட்டியது யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். “நீங்க காசைத் தாங்கோ, நான் எல்லாம் செய்து தாறன்” என்று வடிவமைப்பவர் சொல்வார். வடிவமைப்பை அவர் செய்யட்டும். டொமைனை உங்கள் மின்னஞ்சலில் கணக்குத் திறந்து, உங்கள் பெயரில், உங்கள் கார்ட்டில் நீங்களே வாங்குங்கள். ஏற்கெனவே அவர் வாங்கியிருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே உங்கள் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அவர் இடம் மாறினாலோ வேறு தொழிலுக்குப் போனாலோ பிடிக்க முடியாது. அக்காவின் டொமைன் அப்படித்தான் போனது.

எதை வாங்குவது? டொட் கொம் ஆண்டுக்கு 10 முதல் 20 அமெரிக்க டொலருக்குள் வரும். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 3,000 முதல் 6,000 ரூபா. டொட் எல்கே முகவரிகளைப் பதிவது எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரி. டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் முகவரியும் அவர்களிடம்தான். தமிழ் முகவரி பார்க்க அழகு, எனக்கும் ஆசை உண்டு. ஆனால் தமிழ் விசைப்பலகை இல்லாத போனில் தட்ட முடியாது, சில செயலிகளில் ஒட்டினால் புரியாத எழுத்தாக மாறிவிடும். அதை இரண்டாவதாக வாங்கி முதலாவதற்குத் திருப்பிவிடுவது நல்லது.

காசு கட்டும் முன் கார்ட்டைச் சரிபாருங்கள். பல வங்கிகளின் டெபிட் கார்ட்டில் இணையக் கொள்வனவும் வெளிநாட்டுக் கொடுப்பனவும் தொடக்கத்தில் மூடியே இருக்கும். வங்கியின் செயலியிலோ கிளையிலோ திறந்து கேட்க வேண்டும். கட்டும்போது வரும் ஓடிபி என்ற ஒருதடவைக் குறியீடு வங்கியில் பதிந்த இலக்கத்துக்கே போகும். முதலாவது படியை முதலில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். நாணய மாற்றுக்கு வங்கி ஒரு சிறு வீதம் எடுக்கும், கணக்கில் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருங்கள்.

விலையில் ஒரு பொறி இருக்கிறது. முதல் வருடம் ஒன்று இரண்டு டொலர் என்று விளம்பரம் போடுவார்கள். இரண்டாம் வருடப் புதுப்பித்தல் விலை சிறிய எழுத்தில் கீழே இருக்கும். அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கூடையில் தாமாகவே ஏறியிருக்கும் ஹோஸ்டிங், மின்னஞ்சல் திட்டம், தளப் பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், ப்ளொகருக்கு அவை தேவையில்லை. தனியுரிமைப் பாதுகாப்பு மட்டும் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் உங்கள் வீட்டு முகவரியும் போன் இலக்கமும் பொதுப் பதிவேட்டில் தெரியவரலாம்.

டொட் கொம் வாங்கியவர்கள் நினைவில் வைக்க வேண்டிய நாள் கணக்குகள்:

வாங்கியதும் மின்னஞ்சலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு சுட்டி வரும். 15 நாளுக்குள் அதை அழுத்தாவிட்டால் டொமைன் இடைநிறுத்தப்படும். ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள்.

வாங்கிய முதல் 60 நாள் வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது.

காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு கிழமை முன்பும் நினைவூட்டல் மின்னஞ்சல் வரும். காலாவதியான பிறகு சாதாரண விலையில் புதுப்பிக்கச் சில நிறுவனங்கள் 45 நாள் வரைக்கும் இடம் கொடுக்கும், சில மிகக் குறைவாகவே கொடுக்கும். அதைத் தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம், அப்போது கட்டணம் பல மடங்கு. அதற்குப் பின் ஐந்து நாளில் பெயர் விடுபடும், யாரும் வாங்கலாம். கொஞ்சம் வாசகர் வரும் பெயரென்றால் அதற்கென்றே காத்திருப்பவர்கள் வாங்கிவிடுவார்கள்.

தானியங்கிப் புதுப்பித்தலைப் போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கார்ட் காலாவதியாகியிருந்தாலோ கணக்கில் காசு இல்லாவிட்டாலோ அது நடக்காது. புதுக் கார்ட் வந்த அன்றைக்கே டொமைன் கணக்கிலும் கார்ட் இலக்கத்தை மாற்றுங்கள். கையில் காசு உள்ளபோது இரண்டு மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுவது இன்னும் நல்லது.

போலி “டொமைன் பில்” மின்னஞ்சல்களும் வரும். அதில் உள்ள சுட்டியை அழுத்தாமல், நீங்கள் வாங்கிய நிறுவனத்தின் தளத்துக்கு நேராகப் போய்ப் பாருங்கள்.

6. டொமைனை வலைப்பூவோடு இணையுங்கள்

ப்ளொகர் அமைப்புகளில் தனிப்பயன் டொமைன் என்ற இடத்தில் உங்கள் முகவரியை முன்னால் மூன்று டபிள்யூவோடு எழுதிச் சேமியுங்கள். சேமிக்காமல் பிழை காட்டும், பயப்பட வேண்டாம். அந்தப் பிழைச் செய்தியிலேயே, டொமைனை வலைப்பூவோடு இணைக்கும் இரண்டு சிநேம் வரிகள் இருக்கும். முதலாவது எல்லாருக்கும் பொதுவானது, இரண்டாவது உங்களுக்கு மட்டுமானது. இரண்டையும் கொப்பி பண்ணி, டொமைன் வாங்கிய தளத்தின் டிஎன்எஸ் பகுதியில் (முகவரி எங்கே போக வேண்டும் என்று குறிக்கும் இடம்) ஒட்டுங்கள். கையால் தட்டினால் ஒரு எழுத்து மாறினாலும் வேலை செய்யாது. ஒட்டும்போது முன்னாலோ பின்னாலோ வெற்றிடம் இல்லையா என்று பாருங்கள்.

மூன்று டபிள்யூ இல்லாமல் தட்டுபவர்களுக்கும் திறக்க வேண்டும் என்றால் அதே டிஎன்எஸ் பகுதியில் ஏ ரெக்கோட் என்ற வகை வரிகள் நான்கு சேர்க்க வேண்டும்: 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21. அந்தத் தளம் தானாகப் போட்டுவைத்த வேறு ஏ ரெக்கோட் அங்கே இருந்தால் அழித்துவிடுங்கள். பலருக்கு இந்த இடத்தில்தான் சிக்கும்.

பிறகு காத்திருங்கள். சில வேளை ஒரு மணித்தியாலத்தில் முடியும், சில வேளை ஒரு நாள் பிடிக்கும். இடையில் மாற்றி மாற்றிப் போட்டால் இன்னும் தாமதமாகும். ப்ளொகர் முகவரியை ஏற்றுக்கொண்ட பிறகு எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு வசதியைத் திறவுங்கள். அதற்கும் ஒரு நாள் வரை ஆகலாம். அதுவரை வாசகருக்கு ‘பாதுகாப்பற்றது’ என்று காட்டும், ஆகவே முகவரியை வட்ஸ்அப் குழுக்களில் பகிர்வதை அடுத்த நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

7. தமிழில் எழுதும்போது இரண்டு விஷயம்

நம்மூரில் பாடசாலை வினாத்தாளும் கோயில் நோட்டீசும் சங்கக் கடிதமும் பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. அவற்றை வலைப்பூவில் ஒட்டினால் வாசகரின் போனில் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குழப்பமாகவே தெரியும், தேடலிலும் அகப்படாது. இலவச மாற்றிகள் இணையத்தில் நிறைய உண்டு, எல்லாப் போனிலும் தெரியும் யூனிகோடு எழுத்துக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். மாற்றிய பிறகு ஒரு தடவை முழுதாக வாசியுங்கள். கொம்பும் காலும் இடம்மாறி இருக்கும்.

இரண்டாவது, சுட்டி, அதாவது பதிவின் இணைய முகவரி. தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் ப்ளொகரால் அதைச் சுட்டியில் போட முடியாது, ‘ப்ளொக் போஸ்ட்’ என்ற பொதுப் பெயரும் ஒரு எண்ணும்தான் விழும். எல்லாப் பதிவுக்கும் அப்படியே. வெளியிடும் முன் வலப்பக்கம் நிரந்தரச் சுட்டி என்ற இடத்தில் தனிப்பயன் என்பதைத் தெரிந்து, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல் கொடுங்கள். நிலாவெளி பற்றிய பதிவென்றால் நிலாவெளி என்ற பெயர் சுட்டியிலும் இருக்கட்டும். வெளியிட்ட பிறகு நேரடியாக மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமானால் பதிவை வரைவுக்குத் திருப்ப வேண்டும், அதற்குள் பகிர்ந்த சுட்டிகள் எல்லாம் உடைந்துவிடும்.

8. படம் போடும் முன்

கூகுள் தேடலில் வந்த படம் இலவசமல்ல. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எடுத்தவரின் உரிமையைப் பாதுகாக்கிறது, அவர் எங்கும் பதிந்திருக்கத் தேவையில்லை. உங்கள் படத்துக்கும் அதே பாதுகாப்பு உண்டு. போனில் நீங்களே எடுங்கள். எடுக்க முடியாததை விக்கிமீடியா கொமன்ஸ் என்ற இலவசப் படக் களஞ்சியத்தில் தேடி, எடுத்தவர் பெயரையும் உரிம வகையையும் படத்தின் கீழ் எழுதுங்கள்.

திருகோணமலையில் படம் எடுப்பவர் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி பிரட்ரிக் கோட்டைக்குள்ளால் போகிறது, உள்ளே இராணுவம் இருக்கிறது. கடற்படைத் தளமும் சீனக்குடா விமானப்படைத் தளமும் அப்படியே. காவலரண், நுழைவாயில், சீருடையினர் படத்தில் விழாமல் பாருங்கள். தடைப் பலகை இருந்தால் போனைப் பைக்குள் வையுங்கள். ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி விதிகளைப் பார்க்காமல் பறக்கவிட வேண்டாம். துறைமுகத்துக்கு மேலே நல்ல காட்சி கிடைக்கும் என்று ஆசைப்பட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் எடுத்த படத்தை மூல வடிவில் அனுப்பினாலோ ஏற்றினாலோ எடுத்த இடத்தின் ஆள்கூறும் சேர்ந்து போகலாம். கமெரா அமைப்பில் இடக் குறிப்பை நிறுத்திவிடுங்கள். பிள்ளைகளின் படத்தில் பாடசாலைச் சின்னம் தெரியவேண்டாம். கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களை எடுத்தால், எங்கே போடப்போகிறீர்கள் என்று சொல்லி, கேட்டுவிட்டுப் போடுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள், நல்ல கதையும் சொல்வார்கள்.

9. போயாவுக்கு ஒரு பிரதி

மாதம் தவறாமல் வரும் விடுமுறை என்பதால் போயாவைப் பிரதி எடுக்கும் நாளாக வைத்துக்கொள்வது சுலபம். ப்ளொகர் அமைப்புகளில் உள்ளடக்கத்தைப் பிரதி எடு என்பதன் வழியாகப் பதிவுகளையும் கருத்துகளையும் இறக்கிக்கொள்ளலாம். படங்களைத் தனியாகவும் ஒரு பென்டிரைவில் சேருங்கள். முழுக் கணக்கையும் எடுக்க கூகுள் டேக்கவுட் இருக்கிறது. அது அனுப்பும் சுட்டி ஏறத்தாழ ஒரு கிழமைதான் செல்லும், வந்தவுடன் இறக்கிவிடுங்கள். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். அது நிறைந்தால் மின்னஞ்சலே வராது, அன்றைக்கே அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. போன் தொலைந்தால்

ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் என்று இப்போதே தட்டி, வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது உங்கள் போனின் அடையாள எண்ணை, கொப்பியில் எழுதுங்கள். பெட்டியிலும் அது இருக்கும், பெட்டியை எறியாதீர்கள். புதிதாகவோ கைமாறியோ போன் வாங்குபவர்கள் ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தைச் சேர்த்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் உள்ள போனா என்று தெரியும். காசு கொடுக்கும் முன் பாருங்கள்.

தொலைந்துவிட்டால் முதல் அழைப்பு சிம் நிறுவனத்துக்கு, இலக்கத்தை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டாவது வங்கிக்கு. மூன்றாவது, வீட்டிலுள்ள வேறொரு போனில் கூகுளின் சாதனம் தேடும் சேவையைத் திறந்து, தொலைந்த போனைப் பூட்டுங்கள். உள்ளே நுழைய இரண்டாவது படி கேட்டால் பைலில் உள்ள எட்டு இலக்கக் குறியீடு ஒன்றைப் போடுங்கள்.

பிறகு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு. அடையாள அட்டை, ஐஎம்இஐ எண், போன் வாங்கிய பற்றுச்சீட்டு இருந்தால் அதுவும் கொண்டுபோங்கள். பொலிஸ் திணைக்களத்தின் ஐநீட் இணையத்தளத்திலும் தொலைந்த போன் பற்றி முறையிடலாம். முறைப்பாட்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள், அடையாள அட்டையும் சேர்ந்து தொலைந்திருந்தால் புதிய அட்டைக்கும் அது வேண்டும். கணக்கு ஏதாவது பறிபோயிருந்தால் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஸ்ரீலங்கா சேர்ட் அமைப்பின் 101 இலக்கத்துக்கு அழையுங்கள். அழைக்கும் முன் சந்தேகமான செய்திகளையும் கணக்கின் சுட்டியையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், பிறகு அழிக்கப்பட்டால் காட்ட எதுவும் இருக்காது.

அடுத்த நாள் காலையில் அதே இலக்கத்துக்குப் புது சிம். சிம் உங்கள் பெயரில் இருந்தால் அடையாள அட்டையைக் காட்டி அன்றே வாங்கிவிடலாம். போட்டதும் முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றி, சாதனப் பட்டியலில் இருந்து பழைய போனை நீக்குங்கள். பிறகு வட்ஸ்அப்பைப் பதியுங்கள். வங்கிச் செயலியைக் கடைசியாக, வங்கியோடு பேசிவிட்டுத் திறவுங்கள்.